பச்சைத் துவக்கு

1981 டிசம்பர் 12, சனிக்கிழமை. பாடசாலை விடுமுறை தொடங்கி எட்டாவது நாள். அப்பா ஐந்தே முக்காலுக்கு எழுந்து, ஜன்னல் கம்பியில் தொங்கிய சிறிய கண்ணாடியைப் பார்த்து முகம் மழித்தார். ஆறரைக்குப் பாண்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அம்மா இரண்டு இறாத்தல் பாண் வாங்கினார். குழாயில் தண்ணீர் வருவது எட்டு மணி வரைதான் என்பதால் இரண்டு வாளியும் ஒரு குடமும் நிரப்புவது என் வேலை. நிரப்பினேன். எட்டரைக்குத் தேங்காய்ச் சம்பலும் பாணும் சாப்பிட்டோம். ஒன்பது இருபதுக்கு, கலகெதரவிலிருந்து வரும் பஸ்ஸில், கக்கத்தில் ஒரு சுருட்டிய பாயுடன் மாமா வந்து இறங்கினார்.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து ஏழு நிமிட நடை. அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர். மாமா அம்மாவின் ஒரே தம்பி, திருமணமாகாதவர். கலகெதரப் பக்கத்தில் கொக்கோவும் மிளகும் போட்ட ஒரு தோட்டத்தில் காவற்காரராக இருந்தார். தோட்டத்தின் சொந்தக்காரியான முதிய சீமாட்டி கொழும்பில் வசித்தார். ஆண்டுக்கு இரண்டு முறை வந்து மிளகுக் கொடிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் குரங்குகளுக்கும் முள்ளம்பன்றிகளுக்கும் பொறுப்பு மாமாதான். அதற்கு மேலாக அவருக்கு ஒரு கைத்தொழிலும் இருந்தது. சனி, ஞாயிறுகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, சுற்றுவட்டாரத்துத் தையல் மெஷின்களைப் பழுதுபார்ப்பார். ஒரு மெஷினின் சத்தத்தைத் தெருவில் நின்று கேட்டே எந்தப் பாகத்தில் என்ன கோளாறு என்று சொல்வார். அவர் சொன்னது தவறியதை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை என்பதை அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

பாயை விரித்ததும் உள்ளே இருந்தது துவக்கு. பொயின்ற் டூ டூ என்று எல்லோரும் சொல்லும் சிறுரவைத் துப்பாக்கி. தோட்டத்துக்காக அந்தச் சீமாட்டி வாங்கிக் கொடுத்து, அனுமதிப்பத்திரத்தை மாமாவின் பெயருக்கு எடுத்துத் தந்திருந்தார். துவக்கு என்று சொல்வதற்குச் சற்றுப் பெருந்தன்மை வேண்டும். மாமாவுக்கு முன்பிருந்த காவற்காரர் அதை எங்கேயோ கல்லில் போட்டு மரப்பிடியை உடைத்துவிட்டு, உடைந்ததை அறுத்து எறிந்து, கோடரியால் செதுக்கிய பலாக்கட்டை ஒன்றைப் பொருத்தியிருந்தார். கட்டை ஆடாமலிருக்க மூன்று இடங்களில் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. துருப்பிடிக்காமலிருக்கக் குழல் முழுவதும் கேட்டுக்குப் பூசும் பச்சைப் பெயின்ற். நுனியில் குறிபார்க்கும் முள்ளுக்குப் பதிலாக சைக்கிள் கம்பியின் தலைப்பு ஒன்று. அம்மா அதைப் பார்த்துவிட்டு, குரங்குகள் இதைக் கண்டு ஓடுவது பயத்தினாலா, அருவருப்பினாலா என்று கேட்டார்.

மாமா அதற்குச் சிரித்தாலும், அன்று அவர் வந்த காரியம் சிரிப்புக்குரியதல்ல. துவக்கு வைத்திருப்பவர்கள் ஆண்டு முடிவதற்குள் அதைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி, அனுமதிப் புத்தகத்தில் கையெழுத்தும் முத்திரையும் பெறவேண்டும். போன ஆண்டு பரிசோதித்த சார்ஜன்ட், ரவை போடும் பூட்டைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்து, அது அசையாமல், கம்பி நுனி விரலில் குத்தி இரத்தம் வந்துவிட்டதாம். அடுத்த வருஷம் ஒழுங்கான துவக்காகக் கொண்டுவந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இதன் பொருள், பூட்டை எண்ணெய் போட்டு இளக்கி, கம்பி நுனியை மடக்கிவிடு என்பது மட்டுமே. இன்று எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒழுங்கான துவக்கு என்ற சொல்லை ஒருவர் என் மாமாவிடம் சொல்லிவிட்டார். தையல் மெஷினின் அடிப்பாகத்தில், யாரும் பார்க்காத இடத்தில்கூடத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கித் திருப்பிக் கொடுக்கும் மனிதரிடம் அப்படிச் சொல்லக்கூடாது.

பத்து மணிக்குள் துவக்கு பதினேழு துண்டுகளாக மேசையில் கிடந்தது. எண்ணியது நான். ஒவ்வொரு துண்டின் கீழும் காகிதத்தில் இலக்கமிட்டு வைத்தேன். மாமா அதைப் பார்த்து, “கிளாக்கர் மகள்னு காட்டுறியே புள்ள” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ரவை ஒன்றும் வீட்டுக்குள் வரவில்லை. அவை தோட்டத்தில் பெட்டியில் பூட்டியிருந்தன. ஆகையால் அம்மாவும் அந்த வேலையை அனுமதித்தார். தோட்டத்துச் சீமாட்டியிடம் சொல்லிவிட்டு மாமா அந்த வாரம் முழுவதும் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் பச்சைப் பெயின்ற் போனது. பிறகு துரு, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, கடைசியில் தையல் மெஷின் எண்ணெய். உள்ளிருந்து வந்த இரும்பு நல்ல இரும்பு என்று மாமா சொன்னார். குரலில் மரியாதை இருந்தது. குறிமுள்ளை ஒரு பழைய மெஷினின் தகட்டிலிருந்து அராவி எடுத்தார். மரப்பிடிக்கு, தளபாடம் செய்யும் நண்பர் ஒருவரிடமிருந்து மஹோகனித் துண்டு வந்தது. அதை நான்கு பின்னேரங்கள் செதுக்கினார். தன் தோளில் வைத்துப் பார்ப்பார், இறக்குவார், ஓர் இழை சீவுவார், மறுபடி வைப்பார். கன்னம் படும் இடத்தில் இலேசான ஒரு குழிவு. கையகலமான அடிப்புறத்தில் பித்தளைத் தகடு பதித்து, அதில் தன் பெயரின் முதலெழுத்தைச் சின்ன உளியால் வெட்டினார்.

மரத்துக்கு எண்ணெய் தேய்ப்பது என்னிடம் விடப்பட்டது. பின்னேரத்துக்கு நூறு தேய்ப்பு என்று கணக்கு வைத்துத் தேய்த்தேன். மூன்றாம் நாள் அந்த மரம் உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோலச் சிவந்தது. அந்த அழகில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்று முடிவுசெய்தேன். நான்கில் ஒன்று என்பது என் அப்போதைய கணிப்பு.

இனி, நான் செய்த காரியம். கழற்றி எறிந்த பலாக்கட்டையும் கம்பிச்சுருளும் குசினிக்குப் பின்னால், விறகுக்குப் பக்கத்தில் கிடந்தன. எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை நான். அவற்றுக்கு இடமில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. 16ஆம் திகதி புதன்கிழமை, முற்பகல் பதினொரு மணியளவில், போத்தல் பழைய பேப்பர் வாங்கும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், தன் தள்ளுவண்டியுடன் வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். நானாவின் வண்டியில் மாற்றுக்குக் கொடுப்பதற்காகச் சீப்பு, வாளி, கிண்ணம் எல்லாம் தொங்கின. அவற்றுக்கு நடுவில், மூடியில் பெருக்கல் வாய்பாடு அச்சிட்ட ஒரு தகரப் பென்சில் பெட்டி. பதினாறாம் வாய்பாடு வரை இருந்தது. நான் அதற்கு முன் பன்னிரண்டுக்கு மேல் அச்சில் பார்த்ததில்லை.

கம்பியும் கட்டையும் போயின, பெட்டி வந்தது. அம்மாவிடம் பெட்டியைப் பற்றிக் கேள்வி வராதபடி அதைப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். திருட்டு என்று தோன்றவில்லை. எறிந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். இருந்தாலும் ஒளித்துவைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

21ஆம் திகதி திங்கட்கிழமை பரிசோதனை. அப்பா அரைநாள் லீவு போட்டார். மாமாவின் சிங்களம் சந்தைக்குப் போதும், பொலிசுக்குப் போதாது என்பதால் அவர் கூடப் போகவேண்டியிருந்தது. நான்கில் ஒரு பங்கின் சொந்தக்காரி என்ற முறையில் நானும் வருவேன் என்று நின்றேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

பெஞ்சில் எங்களுக்கு முன் ஆறு பேர். எல்லோருடைய துவக்குகளும் கிழடுகள். மாமா பாயை விரித்தபோது அந்த ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தே வந்து, தொடலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். மாமா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த நாள் என் நினைவில் அது ஒன்றுதான்.

சார்ஜன்ட் பருத்த, நிதானமான மனிதர். துவக்கை எடுத்துப் பூட்டை இழுத்தார். அது பட்டுப்போல வந்தது. தோளில் வைத்துப் பார்த்தார். நல்ல வேலை, யார் செய்தது என்று கேட்டார். மாமா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு சார்ஜன்ட் அனுமதிப் புத்தகத்தைத் திறந்தார். நாங்கள் எப்போதும் திறக்கும் பின்பக்கத்தை அல்ல, முதற்பக்கத்தை. அப்பா உலகத்தில் எந்தத் தாளையும் படிக்காமல் விடாதவர். ஆனால் அந்தப் புத்தகத்தில் அவர் ஆண்டுதோறும் பார்த்தது முத்திரை விழும் பக்கத்தைத்தான். திகதி சரியா, கையெழுத்து சரியா என்று பார்த்து மூடிவிடுவார். முதற்பக்கத்தில் சிங்களத்தில் ஒரு விவரணம் இருந்தது. சார்ஜன்ட் அதை உரக்க வாசிக்க, அப்பாவின் முகம் வரிக்கு வரி மாறியது.

பச்சை நிறக் குழல். பலாமரப் பிடி, மூன்று இடங்களில் பித்தளைக் கம்பிச் சுற்று. நுனியில் சைக்கிள் கம்பித் தலைப்பு. இலக்கம்: காணப்படவில்லை.

மலிவாகச் செய்த அந்நாளையத் துவக்குகள் பலவற்றில் இலக்கம் வெட்டுவதில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் புத்தகம் எழுதிய யாரோ ஓர் அதிகாரி, இலக்கம் இல்லாததால், கண்ணால் கண்டதையெல்லாம் எழுதியிருக்கிறார். என் போன்ற ஆள். மாமா ஒரு வாரத்தில் அதில் ஒவ்வொரு வரியையும் அராவித் துடைத்திருந்தார்.

“மாத்தயா, இது நல்ல துவக்கு” என்று சார்ஜன்ட் அப்பாவிடம் சொன்னார். “ஆனா இது இந்தத் துவக்கு இல்லையே.”

அப்பா வாதாடினார். இரண்டும் ஒன்றுதான், வேலை நடந்தது தன் வீட்டு விறாந்தையில்தான் என்றார். சார்ஜன்ட் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் பார்க்கவேண்டியது எழுதியிருப்பதை. விவரணத்தை மாற்றுவதென்றால் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, கடிதம் போகவேண்டும்; மூன்று மாதம் ஆகும்; டிசம்பர் 31க்குப் பிறகு அனுமதி இல்லாத துவக்கு நேரே களஞ்சிய அறைக்குப் போகும். பழைய கட்டையைக் கொண்டுவாருங்கள், பூட்டிப் பார்க்கிறேன் என்றார். புதன்கிழமை வரை இருப்பேன், அதன்பின் லீவு என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா இதைப் பெரிதாக எடுக்கவில்லை. கட்டை குசினிக்குப் பின்னால் கிடக்கிறது, ஒரு மணி நேர வேலை என்றார். நான் அவர்களுக்கு மூன்று அடி பின்னால் நடந்தேன். சப்பாத்து கடித்தது.

குசினிக்குப் பின்னால் கட்டை இல்லை. விறகை முழுவதும் இறக்கிப் பார்த்தார்கள். மாமா, “அக்கா, அடுப்புல வச்சிட்டியா?” என்று கேட்டார். அம்மா இல்லை என்றார். மாமா இன்னொரு முறை கேட்டார், கொஞ்சம் வேறு குரலில். பலாக்கட்டைக்கும் விறகுக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாதா என்று அம்மா கேட்டார். பிறகு, தெரியாமல் வைத்திருப்பேனோ என்று தானே சந்தேகப்பட்டு, சாம்பலைக் கிளறிப் பித்தளைக் கம்பி அகப்படுகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். கை முழங்கை வரை சாம்பல். நான் கதிரையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி முதல் ஆறு பத்து வரை பேசாமலிருந்தேன். அந்த ஒரு மணி பத்து நிமிடத்தைப் போல நீளமான நேரம் பின்னர் என் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. ஆறு பத்துக்குப் பென்சில் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

அப்பா அடிக்கவில்லை. எந்த நாள், எத்தனை மணி, வண்டி என்ன நிறம், நானாவுக்குத் தாடி உண்டா என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அம்மா கையைக் கழுவப் போனார்; திரும்பிவந்தும் என்னைப் பார்க்கவில்லை. மாமா மட்டும் மேசையருகே நின்றவர், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“துவக்கு போனாப் போகட்டும் மச்சான்” என்றார். “புத்தகத்துல இந்த வருசத்து முத்திர விழாமப் போனா, ஜனவரியில நான் என்னத்தக் காட்டுவேன்?”

அப்பா அலுமாரியின் மேலிருந்த பழுப்பு நிறப் பைலை ஒருமுறை பார்த்தார்.

அந்தப் பைல் எனக்குத் தெரியும். மாமாவின் பிரஜாவுரிமைப் பைல். அப்பாவுக்குப் பதிவுப் பிரஜாவுரிமை இருந்தது; அவரோடு சேர்ந்து அம்மாவுக்கும் கிடைத்தது. மாமாவுக்கு இல்லை. இங்கேதான் பிறந்தார், ஆனால் அவர் பிறந்த தோட்டத்தின் பழைய பதிவேடு நெருப்பில் போய்விட்டது. ஆண்டுதோறும் விடாமல் இந்த நாட்டில் குடியிருந்தார் என்பதற்கு அரசாங்கத் தாள் ஏதாவது காட்டவேண்டும். ஜனவரியில் விசாரணை. காட்டமுடியாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பெரியவர்கள் என் முன்னால் பேசுவதில்லை. பேசும்போது இந்தியா, இராமேஸ்வரம் கப்பல் என்ற சொற்கள் மட்டும் காதில் விழும். எனக்கு அது சுற்றுலாபோலத் தோன்றும். பிரஜாவுரிமை என்பதையும் பாடசாலைப் பரிசு போன்ற ஒன்று என்றே நினைத்திருந்தேன்; நல்லவர்களுக்குக் கொடுப்பார்கள், மாமா நல்லவர், ஆகவே கொடுப்பார்கள். துவக்கைப் பற்றிக் கவலைப்படவேண்டிய நேரத்தில் மாமா ஏன் புத்தகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த மஹோகனிப் பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று நினைத்தேன்.

22ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு மாமாவும் நானும் மாத்தளை வீதி பஸ்ஸில் ஏறினோம். போத்தல் நானா அக்குறணைக்காரர் என்பது பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்திருந்தது. ஆளை அடையாளம் காட்ட நான் வேண்டும். பென்சில் பெட்டியையும் எடுத்துவந்தேன். எடுத்துவா என்று யாரும் சொல்லவில்லை.

அக்குறணையில் கடைகள் வீதியின் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும். மாமா ஒவ்வொரு கடையாகக் கேட்டார். போத்தல் வாங்குகிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். முதலாமவருக்குத் தாடி இல்லை. இரண்டாமவர் வண்டி நீலம். மூன்றாமவரின் வீட்டைக் கண்டுபிடிக்க வயலோரமாக முக்கால் மணி நேரம் நடந்தோம். வீட்டு வாசலில் வண்டி நின்றது. நான்தான் முதலில் கண்டேன்: சரிவில் வண்டி உருளாமலிருக்கச் சில்லுக்கு அண்டையாகக் கொடுத்திருந்தது எங்கள் பலாக்கட்டை. வண்டியின் கைப்பிடி வெடித்த இடத்தில், அழகாக, இறுக்கமாக, எங்கள் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது.

நானா வெளியே வந்து என்னைப் பார்த்ததும் சிரித்தார். “வாப்பா காலத்துல இருந்து வியாபாரம் செய்யிறன் மகள்” என்றார். “வித்த சாமானத் தேடி ஆள் வந்தது இதுதான் முதல் தரம்.”

மாமா விஷயத்தைச் சொன்னார். முழுவதையும் சொன்னார்; பொலிஸ், முதற்பக்கம், ஜனவரி விசாரணை எல்லாம். முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் அவ்வளவு பேசியதில்லை. நானா கேட்டுக்கொண்டே குந்தியிருந்து கைப்பிடியிலிருந்த கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினார்.

“கம்பி சரி. அண்டக் கட்டைக்கி நான் என்ன செய்யட்டும்? வண்டி வயலுக்குள்ள போயிருமே” என்றார். மாமா ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டுவந்து சில்லுக்கு வைத்தார். பிறகு வெடித்த கைப்பிடியை, நானா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவரிடமே கயிறு வாங்கி வரிந்து கட்டினார். முடிச்சு வெளியே தெரியாமல் கட்டினார்.

நான் பென்சில் பெட்டியை நீட்டினேன். நானா வாங்கமாட்டார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டார். “எனக்கும் ஒரு புள்ள ஈக்கி, அஞ்சாம் வகுப்பு” என்று சொல்லி, பெட்டியைத் திறந்து, உள்ளே நான் மறந்து வைத்திருந்த பென்சிலை மட்டும் எடுத்து என் கையில் தந்தார். பதினாறாம் வாய்பாட்டில் பதினான்கு பதினாறு வரை மனப்பாடம் செய்திருந்தேன். மீதி இரண்டு வரியை நானே கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு வந்தோம். மாமா சாப்பிடாமல் வேலைக்கு உட்கார்ந்தார். ஒரு வாரமாகச் செய்ததையெல்லாம் ஒரு பின்னேரத்தில் பின்னுக்குக் கொண்டுபோனார். மஹோகனிப் பிடி கழன்றது. தட்டையான பலாக்கட்டை ஏறியது. சைக்கிள் கடையில் கம்பித் தலைப்பு ஒன்று வாங்கி நுனியில் வைத்தார். பித்தளைக் கம்பி மூன்று இடங்களில். முதலில் அவர் கை தன்னிச்சையாக ஒழுங்காகச் சுற்றிவிட்டது. அப்பா முதற்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து, இது மிக நேர்த்தியாக இருக்கிறது மச்சான் என்றார். மாமா அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். அப்போது சரியாக வந்தது.

கடைசியில் பச்சைப் பெயின்ற். அதை வாங்கிவந்தது அம்மா. என்ன பச்சை என்று கடைக்காரர் கேட்டாராம். இருப்பதிலேயே பார்க்கச் சகிக்காத பச்சை என்றாராம். என்னைப் பார்த்துச் சொன்னார். முதல் நாள் மாலைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான். கறுப்பாக, கண்ணாடிபோல மின்னிய குழலின்மேல் மாமா அந்தப் பெயின்றைப் பூசியபோது நான் அறைக்குள் போய் அழுதேன். மாமா அழவில்லை. வாய்க்குள் ஏதோ மெட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் துரோகம் போலிருந்தது.

மஹோகனிப் பிடியைப் பழைய பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள், என் உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். இனி எதையும் போத்தல்காரருக்குக் கொடுப்பதில்லை. புதன்கிழமை கையெழுத்து விழுந்ததும் பழையபடி அழகான துவக்காக மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். வேறெதற்காக இவ்வளவு பாடுபட வேண்டும்?

23ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் அதே பெஞ்சில். பெயின்ற் நன்றாகக் காயவில்லை. டிசம்பர் மாதம், கண்டி மழை, காயாது. மாமா பாயை விரிக்காமல் துவக்கைக் கவனமாகப் பிடியால் தூக்கி மேசைமேல் வைத்தார். சார்ஜன்ட் முதற்பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலாமரம். கம்பி, ஒன்று, இரண்டு, மூன்று. சைக்கிள் தலைப்பு. பிறகு துவக்கைத் தூக்கிப் பூட்டை இழுத்தார். அது மட்டும் பட்டுப்போலவே வந்தது. திருப்பிக் கீழே வைத்தபோது அவருடைய பெருவிரல் பச்சையாக இருந்தது.

 அப்பா தன் சப்பாத்து நுனியைப் பார்த்தார். சார்ஜன்ட் தன் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசைமேலிருந்த மையொற்றும் தாளில் அதை நிதானமாக இரண்டு முறை துடைத்தார்.

“ஹரி, சரி, இதுதான் அந்தத் துவக்கு” என்றார். “போன வருஷமும் இதே வாசம்தான்.”

கையெழுத்து விழுந்தது. முத்திரையை அவர் மையில் நன்றாக ஒற்றி, அழுத்தி அடித்தார். பன்னிரண்டாவது முத்திரை. மாமா துவக்கை மேசையில் விட்டுவிட்டுப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். துவக்கை எடுத்துப் பாயில் சுற்றியது அப்பா.

மறுநாள் வியாழக்கிழமை. மாமா இரவு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நான் ஐந்தரைக்கே எழுந்தேன். தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே அலுமாரியிலிருந்து மஹோகனிப் பிடியை எடுத்து, பேப்பரைப் பிரித்து, விறாந்தை மேசையில் வைத்தேன். திருப்புளியை அதன் வலப்பக்கம் வைத்தேன். பச்சைத் துவக்கை இடப்பக்கம். மாமா வந்ததும் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது.

மாமா குளித்து, தலை வாரி, அம்மா ஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டுடன் வந்தார். கையில் பழுப்பு நிறப் பைல். அப்பா அதற்குள் அனுமதிப் புத்தகத்தை வைத்து, நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார். சமாதான நீதவான் ஏழு மணிக்கு வெளியே போய்விடுவாராம். அதற்குள் அவர் வீட்டுக்குப் போய், பன்னிரண்டு முத்திரைகளுக்கும் உண்மைப் பிரதி என்று கையெழுத்து வாங்கவேண்டுமாம். மாமா மேசையைப் பார்த்தார், மஹோகனியைப் புறங்கையால் ஒருமுறை தடவினார், படியிறங்கிப் போனார்.

அவர் அவசரத்தில் துவக்கை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். படலை வரை ஓடி, “மாமா, துவக்கு” என்று கூப்பிட்டேன். அவர் திரும்பாமல், பைலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பாலத்தின் பக்கம் நடந்தார்.